பருவம் பிந்திய பிள்ளையும் பிள்ளைத்தமிழும்

ஈழத்துத் தமிழர் இல்லங்களிலே குழந்தைக்கெனச் செய்யப்படும் சடங்குகள் இருவகைப்படும். முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தல், ஆண்டு நிறைவு, விசயதசமியன்று ஏடு தொடக்கல் முதலியன ஒருவகை. இவற்றுக்கு நாள் குறிப்பது பஞ்சாங்கம். மற்றைய வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு பல்லுக்கொழுக்கட்டை கொட்டுதல். இதற்கு நாள் குறிப்பது குழந்தையின் முரசு. முரசிலே பல் வெண்மையாக முகங்காட்டிய பின்னரே பெண்கள் மாவுக்கு அரிசி ஊறவைப்பர். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே பொதிந்து, விளிம்பிலே தேங்காய்ச் சொட்டுகளைப் பல்வரிசைபோலக் குத்திய கொழுக்கட்டைகளை, வெள்ளைத் துணியால் மூடிய குழந்தையின் தலைமேல் மெல்லச் சொரிவர். பின்னர் ஏடு, எழுதுகோல், நெல், பொன் முதலியவற்றைத் தட்டிலே பரப்பி வைக்க, குழந்தை எதனை முதலில் எடுக்கின்றது என்று சுற்றமெல்லாம் குனிந்து பார்க்கும்.

இச்சடங்கினை ஊன்றி நோக்குவார்க்கு ஓருண்மை புலப்படும். வெளிப்பார்வைக்கு இது பல்லுக்கு எடுத்த விழா. உள்ளே குழந்தையின் வளர்ச்சி பற்றிய சோதனை ஒன்றும் அடங்கியிருக்கின்றது. பிடியின்றி இருத்தல், கண்ணால் ஒரு பொருளைத் தேர்தல், அதனை நோக்கிக் கையை நீட்டுதல், விரல்களாற் பற்றுதல் ஆகிய நான்கும் கைவந்த பிள்ளையே தட்டிலுள்ள பொருளை எடுக்கும். அந்நான்கும் கைவராத பிள்ளையின் வீட்டிலே இவ்விழா என்ன ஆகின்றது என்பது ஆராயத்தக்கது.

கல்முனையிலிருந்து தெற்கே செல்லும் கரையோரத்திலே நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய முஸ்லிம் பட்டினங்களும், காரைதீவு, தம்பிலுவில், திருக்கோவில், வினாயகபுரம் முதலிய தமிழ்க் கிராமங்களும் கடலைப் பார்த்தபடி அடுத்தடுத்துக் கிடக்கின்றன. ஓரிடத்திற் பல்லுக்கொழுக்கட்டை, மற்றோரிடத்தில் ஏழாம் நாள் அகீகா. சமயம் வேறாயினும் பிள்ளையைக் கொஞ்சும் மொழி ஒன்றே. வினாயகபுரத்திலாயினும் அக்கரைப்பற்றிலாயினும், பதினான்கு மாதமாகியும் தலை நிமிராத பிள்ளை ஒன்றை மடியிலே வைத்திருக்கும் தாயின் நிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அயல்வீட்டிலே அதே மாதத்திற் பிறந்த பிள்ளை முற்றத்தில் ஓடித் திரிகின்றது. பார்க்க வரும் உறவினர் கொடியவர் அல்லர், அன்பினாலேயே "இன்னும் இருக்கத் தொடங்கவில்லையோ?" என்று கேட்பர். அவ்வொரு வினாவுக்கு அஞ்சியே அவள் கலியாண வீடுகளுக்குப் போவதை நிறுத்துவாள். திருக்கோவிலில் ஆடியமாவாசைத் தீர்த்தத்துக்கு ஊரே திரளும்போதும் வீட்டுக்குள்ளேயே இருந்துவிடுவாள். பல் முளைத்தபோது, "பிள்ளை இருக்கட்டும், அதன்பிறகு கொழுக்கட்டை அவிப்போம்" என்று வீட்டார் தள்ளி வைப்பர். டவுண் சின்றோம் எனப்படும் நிலையோடு பிறந்த குழந்தைகளுக்குப் பல் முளைத்தலே பிந்துவதும் உண்டு. இவ்வாறு பின்னொரு நாளுக்கு ஒத்திவைக்கப்பட்ட மகிழ்ச்சி பெரும்பாலும் வராமலே போகின்றது. விழாவை இழப்பது சிறிது; "இப்பிள்ளையிடம் மகிழ்வதற்கு ஒன்றுமில்லை" என்று வீடு முழுவதும் சொல்லாமற் சொல்லிக்கொள்வதே பெரிய இழப்பு.

இத்தகைய தாய்க்குத் தமிழ் இலக்கியம் சொல்லக்கூடியது ஏதேனும் உண்டோ எனின், உண்டு. அதுவும் ஒரு தனிப் பிரபந்த வகையாகவே உண்டு.

தொல்காப்பியர் புறத்திணையியலிலே குழவியைப் பாட்டுடைப் பொருளாகக் கொள்ளுதற்கு இடந்தந்தார். பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துக் கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாடினார். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்கன் பிள்ளைத்தமிழ், இன்று கிடைக்கும் பிள்ளைத்தமிழ் நூல்களுள் முற்பட்டதாகக் கொள்ளப்படும். முருகன் மீதும் உமை மீதும் மட்டுமன்றி நபிகள் நாயகத்தின் மீதும் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் உளர். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி என்னும் ஏழும் இருபாற்கும் பொது. ஆண்பாலுக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்பனவும், பெண்பாலுக்கு அம்மானை, நீராடல், ஊசல் என்பனவும் கூடிப் பத்தாகும்.

காப்பியப் புலவன் போர்க்களத்தையும் முடிசூட்டு விழாவையும் தேடிச் செல்வான். பிள்ளைத்தமிழ்ப் புலவனோ ஒரு குழந்தை தலையெடுப்பதற்குப் பத்துப் பாட்டும், அது கைகொட்டுவதற்குப் பத்துப் பாட்டும் பாடுகின்றான். மன்னனாயினும் தெய்வமாயினும் அவன் பாடுவது அவர்தம் பெருஞ்செயலை அன்று. இவ்வளவு சிறிய செயல்களைத் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பெயரிட்டு, வரிசைப்படுத்தி, விழாக்கொண்டாடிய இலக்கிய வகை உலகில் அரிது என்றே சொல்லத் தோன்றுகின்றது. இக்காலக் குழந்தை மருத்துவர் வளர்ச்சிப் படிகள் என்று எவற்றைக் கூறுகின்றனரோ அவற்றுட் பலவற்றை இப்பருவங்களிற் காணலாம்.

செங்கீரையை எடுத்துக்கொள்வோம். ஒரு காலை மடக்கி, மற்றைக் காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றி, தலையை நிமிர்த்திக் குழந்தை அசைந்தாடும் நிலை அது. கழுத்து உறுதிப்படுதலும் தோள் உடலின் பாரத்தைத் தாங்குதலும் ஒன்றுசேரும் இடம். பெருமூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கு இயன்மருத்துவர் பாயிலே குப்புறக் கிடத்தி, நெஞ்சுக்குக் கீழே சுருட்டிய துணியை வைத்துப் பயிற்றுவதும் இந்நிலையையே. அப்பயிற்சியில் ஒரு குழந்தை மூன்று நொடிப்பொழுது தலையைத் தூக்கி நிற்குமாயின் அது செங்கீரையாடியது என்றே கொள்ளல் வேண்டும். ஐந்தாம் மாதத்தில் நிகழ்ந்தால் என்ன, ஐந்தாம் வயதில் நிகழ்ந்தால் என்ன, ஆடிய ஆட்டம் ஒன்றே.

தால் என்பது நா. நாவை அசைத்து ஒலியெழுப்பும் பருவம் அது. தாலாட்டு என்னும் சொல்லும் அதன் வழி வந்ததே. முத்தமும் வருகையும் வெளிப்படை. சப்பாணி என்னும் சொல் மட்டும் சற்று நின்று நோக்கத்தக்கது. பிள்ளைத்தமிழில் அது இருந்தபடி இரு கைகளையும் சேர்த்துக் கொட்டுதலைக் குறிக்கும். உலக வழக்கிலோ கால் வழங்காதவனைச் சப்பாணி என்பர். அதனை வசையாகவும் எறிவர். ஒரே சொல், புலவன் வாயிலே குழந்தைக்குரிய வெற்றியாகவும் தெருவிலே ஊனமுற்றவனுக்குரிய இழிவாகவும் வழங்குகின்றது. இருந்த இடத்திலிருந்தே இரு கைகளையும் நடுவிற் கொணர்ந்து ஒன்றோடொன்று தட்டுதல், உடலின் ஒரு பக்கம் இறுகிப்போன பிள்ளைக்கு எத்துணைப் பெரிய வேலை என்பதைப் பயிற்றுவோர் அறிவர். அத்தகைய பிள்ளை ஒன்று முதன்முறை கைகொட்டும்போது அதனைச் சப்பாணி என்று அழைப்பதாயின் புலவன் கொண்ட பொருளிலேயே அழைக்கலாம்.

அம்புலிப் பருவம் இன்னும் ஆழமானது. நிலாவைக் குழந்தையுடன் விளையாட வருமாறு சாமம், பேதம், தானம், தண்டம் என்னும் நால்வகை உபாயத்தாலும் அழைப்பது அதன் இலக்கணம். புலவர்கள் தம் சொல்வன்மையைக் காட்டுதற்குக் கிடைத்த இடமாகவே இதனைப் பெரும்பாலும் உரைகாரர் பாராட்டுவர். அது போக, இல்லத்திலே நிகழ்வது என்ன? தாய் நிலாவைச் சுட்டிக் காட்டுகின்றாள். குழந்தை முதலில் அவள் விரலைப் பார்க்கும்; பின் விரல் காட்டும் திசையைப் பார்க்கும்; பின் திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கும். "நீ கண்டதை நானும் கண்டேன்" என்னும் உடன்பாடு அவ்விடத்திற் பிறக்கின்றது. மொழிக்கு வித்து அதுவே. 1943ஆம் ஆண்டு லியோ கன்னர் ஓட்டிசம் என்னும் நிலையை விரித்தெழுதிய பின், ஆய்வாளர் பலர் இச்சுட்டுதலையும் உடன்நோக்குதலையும் உற்றுக் கவனிக்கலாயினர். 2001ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட, தளர்நடைக் குழந்தைகளுக்கான ஓட்டிச வினாப்பட்டியலிலும், குழந்தை தனக்கு விருப்பமான ஒன்றைப் பிறருக்கு விரலாற் சுட்டிக் காட்டுகின்றதா என்பது ஒரு வினா. சொல் ஒன்றும் பேசாத பிள்ளை ஒருநாள் மாலை, தானாகவே வானத்தைக் காட்டிவிட்டுத் தாயின் முகத்தைத் திரும்பிப் பார்க்குமாயின், அஃது எண்ணற்ற சொற்களுக்கு முன்னறிவிப்பு. இதனை அறியாத வீடு, "இன்னும் பேசவில்லையே" என்று அன்றும் வருந்தியிருக்கும்.

இனி மாதக் கணக்குக்கு வருவாம். பாட்டியல் நூலார் மூன்றாம் மாதத்திற் காப்பு, ஐந்திற் செங்கீரை, ஏழில் தால், ஒன்பதிற் சப்பாணி, பதினொன்றில் முத்தம், பதின்மூன்றில் வருகை என்று ஒற்றைப்பட்ட மாதங்களை வகுத்து இருபத்தொன்றில் முடிப்பர். எனினும் அவர்களுள் ஒருமைப்பாடு இல்லை. காப்பை இரண்டாம் மாதத்திற் கொள்வாரும், வருகையைப் பன்னிரண்டில் வைப்பாரும் உளர். பருவங்களின் முறைவைப்பிற் காட்டும் உறுதியை மாதத்தில் அவர்கள் காட்டவில்லை.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நலமுடைய 816 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006ஆம் ஆண்டு வெளியிட்ட முடிவு பாட்டியலாரின் தயக்கத்துக்கு அரண் செய்கின்றது. பிடியின்றி இருத்தல் 3.8 மாதம் முதல் 9.2 மாதம் வரையிலும், தனியே நடத்தல் 8.2 மாதம் முதல் 17.6 மாதம் வரையிலும் நிகழக் காணப்பட்டன. நடத்தலின் சராசரி பன்னிரண்டு மாதத்தை ஒட்டியது. பாட்டியலார் கூறும் வருகைப் பருவமும் அதனையே ஒட்டி நிற்பது வியப்புக்குரியது. ஆயினும் சராசரியைக் காட்டிலும் கவனிக்கத்தக்கது அவ்விரு எல்லைகளுக்கும் இடையேயுள்ள ஒன்பது மாத அகலம். நோயற்ற குழந்தைகளுக்கே இவ்வளவு வேறுபாடு. அன்றியும் அக்குழந்தைகளுள் நூற்றுக்கு நான்குக்குச் சற்று மேற்பட்டவை முழங்கால் ஊன்றித் தவழவே இல்லை; தவழாமலே நடந்துவிட்டன. முறைவைப்பும் சிலவேளை தாண்டப்படும் என்பது இதனாற் பெறப்படும்.

மாதக் கணக்கு வேண்டாம் என்பது இதன் பொருளன்று. இலங்கையிற் குழந்தை பிறந்தவுடன் தாயிடம் கொடுக்கப்படும் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் நிறையும் உயரமும் தடுப்பூசியும் மட்டுமன்றி இவ்வளர்ச்சிப் படிகளும் வயதோடு குறிக்கப்பட்டுள்ளன. குடும்பநல மருத்துவமாது வீட்டுக்கு வரும்போது அப்பக்கத்தையும் திறந்து காட்டுதல் வேண்டும். பல தாய்மார் நிறை காட்டும் கோட்டைப் பார்த்ததோடு பதிவேட்டை மூடிவிடுகின்றனர். பதினெட்டு மாதம் கடந்தும் நடவாத பிள்ளையை மருத்துவரிடம் காட்டாதிருத்தல் தவறு. மாதக் கணக்கு மருத்துவரிடம் போவதற்குரிய நாளைச் சொல்லும். மகிழ்வதற்குரிய நாளைச் சொல்லும் அதிகாரம் அதற்கு இல்லை. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பியதனாலேயே, பிந்தி வந்த செயல் எதுவும் வீட்டில் வரவேற்பின்றிப் போகின்றது. டவுண் சின்றோம் உள்ள குழந்தை பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டி நடக்கும். நான்கு வயதளவிலே நடப்பதும் உண்டு. அந்த வருகைக்கும் ஒரு வருகைப் பருவம் பாடத்தான் வேண்டும்.

பருவம் பிந்திய பிள்ளைக்குத் தமிழிலே தலையாய சான்று, பிள்ளைத்தமிழ் பாடிய புலவருள் தலைசிறந்தவரே ஆவர். 17ஆம் நூற்றாண்டிலே ஸ்ரீவைகுண்டத்தில் சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்த குமரகுருபரர் ஐந்து வயது வரை பேசவில்லை என்பது அவர் வரலாறு. பெற்றோர் அவரைத் திருச்செந்தூருக்கு எடுத்துச் சென்று முருகன் சந்நிதியில் வழிபட, அங்கே வாய் திறந்து கந்தர் கலிவெண்பாவைப் பாடினார் என்பர். பின்னர் தருமபுர ஆதீனத்து மாசிலாமணி தேசிகரிடம் உபதேசம் பெற்றுக் காசியிலே மடம் நிறுவினார். மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழும் முத்துக்குமாரசுவாமி பிள்ளைத்தமிழும் அவர் அருளியவை. ஐந்தாண்டு தால் அசையாதிருந்ததாகச் சொல்லப்படும் நா, இரண்டு குழந்தைகளுக்குத் தாலப் பருவம் பாடியது. ஈழத்துத் தமிழ்ப் பாடசாலைகளிலே நவராத்திரி நாள்களில் மாணவர் ஓதும் சகலகலாவல்லி மாலையும் அவருடையதே. கலைமகளிடம் சொல்வளம் வேண்டும் பாட்டைப் பிள்ளைகள் ஒருமித்துப் பாடும்போது, அதனை இயற்றியவர் பேச்சுப் பிந்திய பிள்ளை என்று ஆசிரியர் ஒரு சொற் சொல்லிவைத்தால் நன்று. பாடாமல் ஓரத்தில் நிற்கும் ஒரு பிள்ளையேனும் அவ்வவையில் இருக்கக்கூடும்.

ஆனால் இவ்வரலாற்றை மருந்தாகக் கொள்வதில் இடர் ஒன்றுண்டு. "குமரகுருபரரும் ஐந்து வயதிலே தான் பேசினார், பொறுத்திரு" என்று முதியோர் ஆறுதல் கூறுவர். அப்பொறுமையாற் காது கேளாத பிள்ளைகள் இழக்கும் காலம் மீளாதது. கேட்கும் குழந்தை முதலாண்டின் நடுப்பகுதியிலே "தாதா, மாமா" என்று அசைகளை அடுக்கத் தொடங்கும். செவிப்புலன் அற்ற குழந்தைகளிடத்தில் இவ்வசையடுக்கு மிகவும் பிந்தி வருகின்றது என்று ஒல்லர், ஐலர்ஸ் என்னும் ஆய்வாளர் 1988இல் எடுத்துக் காட்டினர். ஆறு மாதத்துக்கு முன்னர்க் கண்டறியப்பட்ட செவிப்புலக் குறையுடைய குழந்தைகள், பிந்திக் கண்டறியப்பட்டவரைக் காட்டிலும் மொழியில் மேம்பட்டு விளங்கினர் என்பதைக் கிறிஸ்டின் யோஷினாகா இட்டானோவும் துணைவரும் அமெரிக்காவின் கொலராடோவிற் செய்து 1998இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகின்றது. ஒரு மாதத்துக்குட் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்துக்குட் பயிற்சி என்பது இன்று அத்துறையோர் கூறும் வாய்பாடு. திருச்செந்தூருக்குப் போகலாம், திருக்கோவிலுக்கும் போகலாம். காது சோதிக்கும் இடத்துக்குப் போன பின்னர்ப் போவதே முறை.

கண்டறிந்த பின் வீட்டிலே செய்வது என்ன என்னும் வினாவுக்குத் தமிழகத்திலேயே நல்ல விடைகள் உருவாகியுள்ளன. பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும் சென்னையில் வகுத்த வளர்ச்சித் திட்டமுறை, வாழ்க்கைக்கு வேண்டிய திறன்களைப் பதினெட்டுத் துறைகளாகப் பிரிக்கின்றது. உடலசைவு, உணவு, உடை, தூய்மை, கேட்டறிதல், பேசுதல், பணம், காலம், வீட்டுவேலை எனத் தொடரும் அவ்வொவ்வொன்றிலும் எளிதிலிருந்து அரிதுக்குச் செல்லும் இருபது படிகள், ஆக 360. அதன் சிறப்பு, ஒவ்வொரு படியும் உடன்பாட்டு வாக்கியமாக இருப்பதே. "செய்கின்றான்" என்று குறிக்கலாம். அல்லது "இன்னும் செய்யவில்லை" என்று குறிக்கலாம். "மந்தமானவன்" என்று எழுதுவதற்கு அத்தாளில் இடமே இல்லை. 1989இல் சென்னையில் தொடங்கப்பட்ட மதுரம் நாராயணன் நிலையம், பிறப்பு முதல் இரண்டு வயதுவரையுள்ள குழந்தைகளுக்கு ஐந்து துறைகளில் ஐம்பது ஐம்பதாக 250 திறன்களை வகுத்தது. அத்திட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் உபநயனம். அருகே அழைத்துச் செல்லுதல் என்னும் பொருளுடைய அச்சொல்லை, சாதியும் பாலும் பாராது எல்லாக் குழந்தைக்கும் உரியதாக்கினர். ஆங்கே தாய் வெளியிற் காத்திருப்பதில்லை. பயிற்சியை அவளே கற்றுச் செய்கின்றாள். பெருமூளை வாதமுடைய மகனை வளர்த்த தாயாகிய பூனம் நடராஜன் 1985இல் சென்னையில் தொடங்கிய நிறுவனமே இன்று வித்யாசாகர் என வழங்குகின்றது.

நகரத்து நிலையங்கள் வினாயகபுரத்துத் தாய்க்கு எட்டுமோ என்று கேட்கலாம். எட்டா. அவளுக்கு ஏற்றது வேறொரு முறை. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் விஸ்கொன்சின் மாநிலத்துப் போட்டேஜ் என்னும் சிற்றூரில், வீடுகள் தூரந்தூரமாகக் கிடந்தமையாற் பிள்ளைகளை ஒரு பள்ளியிற் சேர்க்க இயலாது போகவே, பயிற்றுநர் கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்குச் சென்று தாய்க்கு ஒரு சிறு இலக்கைக் கற்பித்துத் திரும்பும் வழக்கத்தைத் தொடங்கினர். அவர்களின் வழிகாட்டி நூலில் ஆறு வயது வரைக்குமான 580 செயல்கள் உள்ளன. அடுத்த கிழமைக்குட் கைகூடத்தக்க அளவுக்கு இலக்கு சிறிதாயிருத்தல் வேண்டும் என்பதே அம்முறையின் உயிர். கைகூடாவிடின் தவறு பிள்ளையினுடையதன்று, இலக்கு பெரிது. அதனை இரண்டாகப் பிளத்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 1989இல் வெளியிட்ட, ஊரார் வழியாகவே ஊனமுற்றோரைப் பயிற்றும் கைந்நூலின் ஆசிரியர் நால்வருள் ஒருவர் இலங்கையரான பத்மனி மெண்டிஸ் என்பதையும் இங்கே குறிப்பிடல் தகும்.

சட்டை அணிதலை உதாரணமாகக் கொள்வோம். தலையை நுழைத்தல், ஒரு கை, மறு கை, கீழே இழுத்தல் என அது நான்கு வேலை. முதலிலிருந்து கற்பித்தாற் பிள்ளை தலையை மட்டும் நுழைத்துவிட்டுச் சோர்ந்து நிற்கும். மீதியைத் தாய் முடிப்பாள். முடித்த பெருமையும் தாய்க்கே. ஆதலின் பயிற்றுவோர் கடைசியிலிருந்து தொடங்குவர். மூன்று வேலையைத் தாய் செய்துவிட்டு, வயிற்றளவில் நிற்கும் சட்டையைக் கீழே இழுப்பதை மட்டும் பிள்ளைக்கு விடுவாள். இழுத்தவுடன் வேலை முடிந்தது, முடித்தது பிள்ளை. அது கைவந்த பின் கடைசி இரண்டையும் விடுவாள். இவ்வாறு பின்னிருந்து முன்னே சென்றால் ஒவ்வொரு நாளும் பிள்ளை ஒரு செயலை முடித்த பிள்ளையாகவே இருக்கும். சோறு பிசைந்து உண்ணுதல், செருப்பு மாட்டுதல், முகம் கழுவுதல் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

கொண்டாட்டத்தின் அளவும் வகையும் பிள்ளையைப் பொறுத்தன. செயல் நிகழ்ந்த அக்கணமே பாராட்டுதல் வேண்டும். மாலையிலே தந்தை வந்த பின் கூறும் புகழ் பிள்ளைக்கு எதைக் குறித்தது என்று விளங்காது. "கெட்டிக்காரன்" என்னும் பொதுச் சொல்லினும் "கரண்டியை நீயே பிடித்தாய்" என்பது நன்று. ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்குப் பலத்த கைதட்டல் தண்டனையாகிவிடும். அவர்களுக்கு அமைதியான ஒரு புன்னகையோ விருப்பமான விளையாட்டில் ஐந்து நிமிடமோ போதும். பார்வையற்ற பிள்ளைக்குப் புன்னகை பயனில்லை. தோளிலே கை வைத்தல் வேண்டும். உறவினரைக் கூட்டிப் பிள்ளையை மறுபடி மறுபடி செய்து காட்டச் சொல்லுதல் கொண்டாட்டமன்று, வேடிக்கை. மூத்த பிள்ளைகள் இருப்பின் அவர்களின் சிறு வெற்றிகளும் அதே வீட்டில் எண்ணப்படுதல் வேண்டும். இல்லையேல் அவர்கள் மனத்திலே மௌனமான ஒரு முறைப்பாடு வளரும்.

கொழுக்கட்டைச் சடங்கையும் இவ்வாறே பிள்ளைக்கேற்ப அமைக்கலாம். இருக்க முடியாத பிள்ளையைப் பாட்டி மடியிலே சாய்த்து வைத்துக்கொள்ளலாம். விரல் விரியாத பிள்ளைக்கு முன்னே இரண்டு பொருளை மட்டும் பிடித்து, அதன் கண் எதன்மேல் தங்குகின்றது என்று பார்க்கலாம். கண்ணால் எடுத்தலும் எடுத்தலே. பேச்சும் கையும் வழங்காதவர் கண்ணோட்டத்தாற் படங்களையும் எழுத்துகளையும் தெரிந்து கருத்துரைக்கும் பலகைகள் இன்று எங்கும் பயன்படுகின்றன. அதற்கு முதற் பயிற்சி இத்தட்டிலேயே தொடங்கலாம்.

சில பிள்ளைகள் ஒருபோதும் நடக்கமாட்டா. 1997இல் ராபர்ட் பலிசானோவும் துணைவரும் பெருமூளை வாதமுடைய பிள்ளைகளின் உடலசைவை ஐந்து நிலைகளாக வகுத்தனர். ஐந்தாம் நிலையிலுள்ள பிள்ளைக்குத் தலையைத் தாங்குதலே அரிது. அப்பெற்றோரிடம் வருகைப் பருவத்தைப் பற்றிப் பேசுதல் இரக்கமற்ற செயல். ஆனால் அப்பிள்ளையும் தந்தையின் மிதிவண்டி ஒலி கேட்டுக் கண்ணைத் திருப்பும். கஞ்சியைப் புரையேறாமல் விழுங்கும். வேண்டாதபோது வாயை இறுக மூடும். கடைசியாகக் கூறியதைக் குறும்பு என்று தள்ளுவோர் பலர்; தன் விருப்பை அறிவித்த பேச்சு அது.

சிறு படியின் அருமையை அறிந்த ஆசிரியர்க்கு ஆன் சல்லிவன் நல்ல எடுத்துக்காட்டு. பார்வையும் செவிப்புலனும் இழந்த ஹெலன் கெல்லரின் வரலாற்றைப் படித்தோர் 1887 ஏப்ரல் 5ஆம் நாளையே நினைவிற் கொள்வர். நீரிறைக்கும் குழாயடியில் அச்சிறுமி தண்ணீர் என்னும் சொல்லை உணர்ந்த நாள் அது. ஆனால் சல்லிவன் தம் கடிதத்தில் அற்புதம் என்று எழுதியது அதற்கு இரு கிழமைக்கு முன்னர், மார்ச் 20ஆம் நாள். அன்று ஹெலன் ஒரு சொல்லும் அறிந்தாளில்லை. முரட்டுத்தனம் தணிந்து அமைதியாக அருகில் இருந்தாள், கொக்கி ஊசியால் நூற்சங்கிலி பின்னக் கற்றிருந்தாள், அவ்வளவே. அச்சங்கிலி அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடியை எட்டியபோது, ஒருவரும் சொல்லாமலே அவள் தன் கையைத் தானே தட்டிக்கொடுத்து, தான் பின்னியதைக் கன்னத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டாளாம்.

பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையில் இத்தகைய நாளைப் பதிவதற்கு இடமில்லை. புள்ளியும் தரமும் எழுதுவதற்கே கட்டங்கள் உண்டு. விசேட கல்வி அலகிலே பயிலும் பிள்ளைக்கு அவ்வறிக்கை ஒவ்வொரு தவணையும் வெறுமையாகவோ வருத்தமாகவோ வீடு செல்கின்றது. அதனோடு ஒரு சாதாரண அப்பியாசக் கொப்பியும் சென்றால் நிலைமை மாறும். ஒரு பக்கத்துக்கு மூன்று நிரல் போதும்: திகதி, பிள்ளை செய்தது, எவ்வளவு உதவியோடு செய்தது. ஆசிரியர் பகலில் ஒரு வரி எழுத, தாய் இரவில் ஒரு வரி எழுதலாம். எழுதத் தெரியாத தாய் சொல்ல மூத்த பிள்ளை எழுதலாம். முதல் மாதம் வரிகள் குறைவாகவே இருக்கும். அது பிள்ளை ஒன்றும் செய்யாமையாலன்று, பார்ப்போரின் கண் இன்னும் பழகாமையால். கிளினிக்குக்குச் செல்லும் நாளில் அக்கொப்பியையும் எடுத்துச் செல்லுதல் வேண்டும். அவசரத்திலே பத்து நிமிடம் பிள்ளையைப் பார்க்கும் மருத்துவர்க்கு, ஆறு மாதம் பார்த்தவர் எழுதிய நான்கு பக்கம் பேருதவியாகும்.